வெறும் காற்றுக்கு எதற்கு டாக்டர் சீட்டு?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே விவாதம். ஆரம்பித்து வைத்தது அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன். "குறட்டைக்கு மாட்டுகிற சிபேப் மெஷினுக்கு இங்கே டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். ஆக்சிஜன்கூட இல்லை, அறையில் இருக்கிற காற்றைத்தான் ஊதுகிறது. எல்லாம் கொள்ளை" என்று எழுதினான். உடனே பத்துப் பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அதில் இரண்டு பேர் என்னிடமே அறிவியல் படித்தவர்கள்! அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

காற்று சாதாரணக் காற்றுதான். அழுத்தம் அப்படியல்ல. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. காற்றுப் போன சைக்கிள் டியூப் ஒட்டிக்கொள்வது போல. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அந்தப் பாதையைத் திறந்தே வைக்கலாம் என்று 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் காட்டினார். அதுதான் இந்த மெஷின். அழுத்தம் வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் உயரம் வரை. வகுப்பில் யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி அளந்தோமே, அதே கணக்கு. குறைத்து வைத்தால் பாதை மூடிக்கொள்ளும். கூட்டி வைத்தால் வயிறு உப்பும், முகமூடி ஒழுகும்.

"இப்போது மெஷினே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்கிறதே சார்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் உங்களுக்கு என்ன நோய் என்று யார் சொல்வது? சிலருக்குத் தொண்டை திறந்தே இருக்கும். மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து கட்டளை வராது. இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. 2015-ல் வெளியான சர்வ்-ஹெச்எஃப் ஆய்வைப் பாருங்கள். இதயம் பலவீனமாகி, இந்த மூளைவழித் தடையும் உள்ளவர்களுக்கு, சிபேப்பின் உறவுக்கார மெஷின் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். மூச்சு சீரானது. இதய நோயால் இறந்தவர்களோ அதிகமானார்கள். அதுவும் வெறும் காற்றுதான் ஊதியது!

கரும்பலகை தெரியாத பையனுக்கு என் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டா பாடம் நடத்தினேன்? கண் டாக்டரிடம்தானே அனுப்பினேன்.

"மாமா பழைய மெஷினைத் தருகிறார்" என்று மகிழ்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த சத்தம் அடக்கும் நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு உள்ளே போகலாம் என்பதால். கை மாறி வந்த மெஷினுக்கு யார் தகவல் சொல்வார்கள்?

கோபப்பட இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். நோய் உறுதியாகி வருஷக்கணக்காக மெஷின் போடுகிறவர், கிழிந்த முகமூடியை மாற்றவும் அமெரிக்காவில் சீட்டுக்கு அலைவது வீண் தொல்லை. பரிசோதனைக் கட்டணமும் எல்லோராலும் தாங்கக்கூடியதல்ல. சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள், நானும் வருகிறேன். பலருக்கு வீட்டிலேயே ஒரு இரவில் செய்கிற பரிசோதனை போதும். அதை மலிவாக்கச் சொல்லுங்கள்.

தம்பி மகனுக்கு ஒன்று. பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது அது. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தொட்டால் கடுமை. உனக்கு எவ்வளவு என்று கேட்டு இரண்டு நாளாகிறது. இன்னும் பதில் வரவில்லை.