வார்டு எது என்று முடிவாவதற்குள்...

திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் இன்று செய்தித்தாளிலும் டிவியிலும் சர்வ சாதாரணமாக வந்து போகின்றன. பழைய கேலிச் சொற்கள் (முழுசாகப் போகாவிட்டாலும்) குறைந்திருப்பது நல்ல விஷயம் தான். ஆனால் சொல் மாறிய அளவுக்கு விவாதம் மாறவில்லை. எந்த சேனலைத் திருப்பினாலும் அதே பட்டிமன்றம். இது பிறவியா, மனசா? இயற்கையா, நாகரிக மோகமா? ஆண் என்று எழுதுவதா, பெண் என்று எழுதுவதா? ஒரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கேள்விகளுக்கு விடை வரும் வரை காத்திருக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. மருத்துவமனை.

காய்ச்சலோ, கால் எலும்பு முறிவோ... ஒரு திருநங்கை ஓ.பி. சீட்டு வாங்கப் போனால் முதல் தடங்கல் அங்கேயே ஆரம்பம். சீட்டில் பழைய பெயர் இருக்கும். அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். எழுந்து வருபவர் புடவையில் இருப்பார். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கும். அட்மிட் செய்ய வேண்டுமென்றால் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று நர்ஸ், வார்டு பாய், டியூட்டி டாக்டர் எல்லோரும் கூடி ஒரு மாநாடே நடத்துவார்கள். எந்த வியாதிக்குப் போனாலும் முதலில் எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதித் தருகிறார்கள் என்பது அவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வரும் குறை. இப்படி இரண்டு முறை அவமானப்பட்டவர், மூன்றாவது முறை மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்?

சிகிச்சை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ராபர்ட் ஈட்ஸ் கதையைச் சொல்லலாம். அவர் திருநம்பி. பிறப்பில் பெண் என்று பதிவாகி, பின்னாளில் ஆணாக வாழ்ந்தவர். 1996ல் அவருக்கு சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரைப் பார்க்க மறுத்தார்கள். தாடி வைத்த ஓர் ஆள் மகளிர் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தால் மற்ற நோயாளிகள் என்ன நினைப்பார்கள், தொழில் கெட்டுவிடாதா என்ற பயம். (காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புரியும். குட்வில் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் கதவைச் சாத்தினார்கள்.) 1997ல் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவரை ஏற்றுக்கொண்டது. அதற்குள் நோய் பரவிவிட்டது. 1999 ஜனவரியில், 53 வயதில் இறந்துபோனார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றி கேட் டேவிஸ் எடுத்த 'சதர்ன் கம்ஃபர்ட்' என்ற ஆவணப்படம் 2001ல் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மருத்துவர்கள் யாரும் ஈட்ஸை ஆண் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் புற்றுநோய்க்கு மருந்து ஒன்று தான்.

"அது அமெரிக்கா, அந்தக் காலம். இங்கே தான் சட்டம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். 2014 ஏப்ரலில் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து, மருத்துவமனைகளில் அவர்களுக்குத் தக்க சிகிச்சை கிடைக்கச் செய்யுமாறு அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2019ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 3வது பிரிவு சிகிச்சை மறுப்பதைப் பாகுபாடு என்று தடை செய்தது. ஆனால் தண்டனையைச் சொல்லும் 18வது பிரிவில், கொத்தடிமை வேலை, பொது இடத்தில் தடுத்தல், வீட்டை விட்டுத் துரத்துதல் எல்லாம் வரிசையாக வந்தன, சிகிச்சை மறுப்பு பெயர் சொல்லி வரவில்லை. உடல்நலத்துக்கு ஆபத்து விளைவித்தல் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடிப் பார்க்கலாம். காய்ச்சலோடு நிற்பவர் வக்கீலைத் தேட வேண்டும், அவ்வளவு தான்!

தமிழ்நாடு 2008லேயே நல வாரியம் அமைத்தது, நாட்டிலேயே அது தான் முதல். 2022ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. நல்லது. காப்பீடு பில்லைக் கட்டும். ஓ.பி. வரிசையில் கூப்பிடும் குரலை அது என்ன செய்யும்?

மருத்துவர்கள் தரப்பில் சொல்லும் ஒரு நியாயம் உண்டு. பாடத்தில் இதையெல்லாம் சரியாகச் சொல்லித் தரவில்லை என்கிறார்கள். உண்மை தான். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் பாடப் புத்தகங்களில் இழிவான பகுதிகளைத் தவிர்க்கச் சொன்னது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் ஓரினச் சேர்க்கையை மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் வாபஸ் வாங்கியது. ஹார்மோன் சிகிச்சை தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் டெங்குவுக்கு டிரிப்ஸ் ஏற்றத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொரு கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. பெண்கள் வார்டில் இருக்கும் மற்ற பெண்களுக்கு சங்கடமாக இருக்காதா? சிலருக்கு இருக்கலாம். அதற்காக அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. அறைக்குப் பத்து கட்டில், நடுவில் ஒரு துணிகூட இல்லாத வார்டில் எந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம் இல்லை? அதே கட்டிடத்தில் மாடி ஏறி ஐ.சி.யு.வுக்குப் போனால், பல இடங்களில் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த கட்டிலில், நடுவே ஒரு ஸ்கிரீனோடு படுத்திருக்கிறார்கள். அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. அந்த ஸ்கிரீனைக் கீழே உள்ள வார்டுக்கும் கொண்டு வந்தால் எல்லாப் பெண்களுக்குமே உதவும். கூடவே ஓ.பி. சீட்டில், 'கூப்பிட வேண்டிய பெயர்' என்று ஒரு கட்டம் கூடுதலாக அச்சடிக்கலாம். செலவைக் கணக்குப் போட்டால் சீட்டுக்குச் சில பைசா கூட வராது.