கிளட்ச் தேய்ந்தால் டிரைவர் சம்பளமா?

தோட்டத்து வேன் நடுவழியில் நின்றால் நிர்வாகத்தின் முதற்கேள்வி, "ஓட்டியவன் யார்?" எத்தனை மூட்டை ஏற்றப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை!

பில் பதியும் கிராணிகளாகிய நாம் அறிவோம். ரேடியேட்டர் குழாயில் சிறு கசிவு. டிரைவர் இருமுறை சொன்னார். "தண்ணீர் ஊற்றி ஓட்டு" என்றார்கள். (ரப்பர் தோட்டத்தில் ரப்பர் குழாய்க்குப் பஞ்சம்!) எஞ்சின் கொதித்தது, கேஸ்கெட் போயிற்று, சிலிண்டர் தலை வளைந்தது. ஒரு குழாயோடு முடிய வேண்டிய செலவு, எஞ்சினைப் பிரிப்பதில் வந்து நின்றது.

கிள்ளானில் உரமூட்டைகளை அளவுக்கு மீறி ஏற்றி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் தட்டு தேயாமல் என்ன செய்யும்? பிரேக் கட்டையும் அப்படியே. அதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

இச்செலவைச் சம்பளத்தில் பிடிக்க 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-வது பிரிவு இடம் தரவில்லை. கொடுத்த முன்பணம், தவறிக் கூடுதலாகத் தந்த சம்பளம் போன்றவற்றையே பிடிக்கலாம். "சம்மதம்" என்று தாளை நீட்டுவார்கள். தோழர்களே, கையெழுத்திடாதீர்கள்! பழுதைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மீறிப் பிடித்தால், அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்கு நாமும் உடன் வருவோம்.