முதற்கட்டு

சீட்டு என்னும் சொல் செவியில் விழுந்த அளவிலேயே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் முகச்சுளிப்பில் காரணம் இல்லாமல் இல்லை. சீட்டாட்டத்தால் வீட்டையும் நகையையும் இழந்தவர் கதை இல்லாத ஊர் இல்லை. ஆயினும் ஈண்டு நாம் பேசப்புகுவது அந்தச் சீட்டாட்டம் அன்று. சதுரங்கத்தைப் போலச் சிந்தித்து ஆடவேண்டியதும், சதுரங்கத்தினும் பன்மடங்கு விதிகள் செறிந்ததுமாகிய 'மேஜிக்: த கேதரிங்' என்னும் உத்திச் சீட்டு விளையாட்டைப் பற்றியது இக்கட்டுரை. அதிலும், புதிதாக வருவோர் கையில் முதன்முதலாகக் கொடுக்கத்தக்க கட்டு எது என்னும் ஒரே வினாவைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர்க்கு, உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார் என்பதை நினைவூட்டி மேற்செல்கிறோம்.

இவ்விளையாட்டை ஆக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். அவ்வகையில் நம் தொழிலினர். 1993-ஆம் ஆண்டு விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் நிறுவனம் இதனை வெளியிட்டது. முதற்றொகுதியில் 300-க்குச் சற்றுக் குறைவாக இருந்த சீட்டுவகைகள் இன்று 20,000-ஐத் தாண்டிவிட்டன. எல்லார்க்கும் பொதுவான ஒரே கட்டு இதில் இல்லை. ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய கட்டோடு வந்து அமர்வர். வழக்கமான முறையில் ஒரு கட்டில் 60 சீட்டுகளேனும் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச்சீட்டுகள் நீங்கலாக எச்சீட்டும் நான்கு படிகளுக்குமேல் இருத்தல் கூடாது. இருவரும் தலைக்கு 20 உயிர்ப்புள்ளிகளோடும் ஏழு கைச்சீட்டுகளோடும் தொடங்குவர். ஒரு முறைக்கு ஒரு நிலத்தைக் கீழே வைக்கலாம். அந்நிலம் 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். அவ்வாற்றலைச் செலவிட்டே உயிரினங்களையும் மந்திரங்களையும் களத்தில் இறக்கவேண்டும். எதிரியின் 20 புள்ளிகளையும் கரைத்தவர் வென்றவர்.

நிலங்கள் ஐந்து: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. அவற்றுக்கு முறையே வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள். தமிழாசிரியன் காதில் 'ஐந்து நிலம்' என்று விழுந்தால் அவன் மனம் எங்கே ஓடும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மலைக்குரிய ஒழுக்கம், காட்டுக்குரிய ஒழுக்கம் என்று நாமும் ஒருநாள் முழுதும் பொருத்திப் பார்த்தோம். மருமகன் சிரித்தான். ஒப்புமை எண்ணளவில் நின்றுவிட்டது.

இவ்விளையாட்டின் சிக்கலுக்கு ஓர் அளவு கூறலாம். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை, இதன் விதிகளையும் சீட்டுகளையும் மட்டுமே கொண்டு ஒரு கணிப்பொறியின் செயற்பாட்டையே அமைத்துக்காட்ட இயலும் என மெய்ப்பித்தது. அவ்வாறு அமைந்த ஓர் ஆட்டத்தில் வெல்பவர் யார் என்பதை முன்னறிந்து கூறும் பொதுவழி எதுவும் இல்லை என்பது அதன் முடிபு. இத்தகைய ஆட்டத்திற்குள் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனையோ, நாற்பதைக் கடந்த ஒரு தமிழாசிரியனையோ எந்த வாயில் வழியாக அழைத்துச் செல்வது?

சிங்கப்பூரில் பயிலும் நம் தங்கை மகன் ஒரு விடுமுறைக்கு நம் இல்லம் வந்தபோது கொணர்ந்தவை 'கமாண்டர்' முறைக்குரிய நான்கு கட்டுகள். இம்முறையில் கட்டு ஒன்றுக்கு 100 சீட்டுகள். அடிப்படை நிலங்கள் ஒழிய ஒரு சீட்டும் இருமுறை வாராது. பெரும்பாலும் நால்வர் சூழ்ந்து ஆடுவர், உயிர்ப்புள்ளிகள் 40. நிறுவனம் 2011-இல் இம்முறைக்கென ஆயத்தக் கட்டுகள் ஐந்தினை வெளியிட்டது; ஒவ்வொன்றும் மும்மூன்று நிறம். அதன்பின் வந்தவை பல. நண்பர் குழுவாகக் கூடிச் சிரித்துப் பேசி ஆட இதனினும் நல்ல முறை இல்லை என மருமகன் கூறினான். அது உண்மையாகவே இருக்கலாம்.

அன்று நடந்தது வேறு. நம் மகன், மருமகன், அவன் நண்பன், நாம் என நால்வர் அமர்ந்தோம். கையில் ஏழு சீட்டுகள், ஏழும் வேறுவேறு. ஒவ்வொன்றிலும் பொடியெழுத்தில் நான்கைந்து வரி ஆங்கிலம். மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். அதனையும் முன்பு கண்டதில்லை. எதிரே மூவர் களத்தில் விரிந்துகிடப்பனவோ இன்னும் பல. நம் மகன் தன் முறைக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தான். முறை வந்தபோது, "அதை வைக்காதே, இதை வை" என்று அவன் கைச்சீட்டை மருமகனே எடுத்து வைத்தான். மூன்றாம் சுற்றில் மகன், "நீங்களே ஆடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நாம் மரியாதைக்காக இறுதிவரை இருந்து தோற்றோம். எதனால் தோற்றோம் என்பது மட்டும் விளங்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மருமகன் வேறொரு செயல் செய்திருந்தான். தன்னிடமிருந்த பழைய சீட்டுகளிலிருந்து இரண்டு கட்டுகளைத் தானே தொடுத்துவந்தான். ஒன்று முழுதும் பச்சை. மற்றொன்று முழுதும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் 24 நிலங்கள். எஞ்சிய 36 சீட்டுகளும் ஒன்பதே வகை, வகைக்கு நான்கு படி. "மாமா, ஒன்பது சீட்டுப் படித்தால் போதும், கட்டு முழுதும் படித்ததாகிவிடும்" என்றான். அந்த ஒரு சொல்லில் முழு நுட்பமும் அடங்கியிருந்தது. முதல் ஆட்டத்தில் சீட்டைப் படித்தோம். இரண்டாம் ஆட்டத்தில் அதன் படத்தைப் பார்த்தே அடையாளம் கண்டோம். மூன்றாம் ஆட்டத்தில்தான் எதிரியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தோம். அப்போதுதான் விளையாடத் தொடங்கினோம் எனல் வேண்டும். முதலாண்டு விடுமுறையில் ஓர் ஆட்டத்திற்குச் சென்ற நேரத்தில் இம்முறை மூன்று ஆட்டங்கள் முடிந்தன.

ஆகவே தொடக்கநிலைக் கட்டினைத் தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது வலிமையை அன்று. அழகிய படங்களையும் அன்று. எத்தனை வகைச் சீட்டுகள் உள்ளன என்பதையே என நாம் கருதுகிறோம். 60 சீட்டுகளில் 24 நிலம் என்பது ஐந்தில் இரண்டு பங்கு. ஏழு கைச்சீட்டில் ஏறக்குறைய மூன்று நிலம் வரும். ஒரே நிறமாயின் வந்த நிலமெல்லாம் பயன்படும். இரு நிறமாயின் கையில் பச்சைச் சீட்டும் தரையில் வெள்ளை நிலமுமாக வாளாவிருக்கும் முறைகள் சில நேரும். மூன்று நிறமாயின் கேட்கவேண்டுவதில்லை. தேர்ந்தவனுக்கு அது கணக்கு. புதியவனுக்கோ அது தன் அறியாமையாகத் தோன்றும். தன் பிழையன்று என்பதை உணரும் அளவுக்கு அவன் இன்னும் விளையாட்டை அறியவில்லை.

எந்த நிறம் என்பதில் நமக்கும் மருமகனின் தோழர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் சிவப்பையே பரிந்துரைப்பர். விரைந்து தாக்கும், விரைந்து முடியும் என்பர். 'லைட்னிங் போல்ட்' என்னும் சிவப்புச் சீட்டு ஒரே மானாவில் மூன்று புள்ளி சேதம் விளைப்பது; படித்தவுடன் புரிவது. ஆனால் அந்த இடியை எதிரே நிற்கும் உயிரினத்தின்மேல் எறிவதா, எதிரியின் உயிர்ப்புள்ளிகள்மேல் எறிவதா என்னும் வினா எளியதன்று. பழகியோரும் இதில் தடுமாறுவர். நீலமோ எதிரி ஏவும் மந்திரத்தை இடைமறித்து அழிப்பதில் வல்லது. எதிரியிடம் என்னென்ன இருக்கக்கூடும் என்று அறியாதவன் எதனை இடைமறிப்பான்? பச்சையில் உயிரினங்கள் பெரியவை. அவற்றின் எண்கள் கண்முன் நிற்பவை. இரண்டுக்கு இரண்டு என்றால் இரண்டு அடிக்கும், இரண்டு தாங்கும். எனவே பச்சையே முதற்பாடம் என்பது நம் துணிபு.

எளிமையாக்குகிறோம் என்று விளையாட்டின் உயிரையே எடுத்துவிடுதலும் நேர்ந்ததுண்டு. 1997-இல் அந்நிறுவனமே புதியோர்க்கென 'போர்ட்டல்' என்றொரு தொகுதியை வெளியிட்டது. எதிரியின் முறையில் குறுக்கிட்டு ஏவும் உடனடிச் சீட்டுவகை அதில் நீக்கப்பட்டது. 'பிளாக்' என்று எல்லாரும் வழங்கிய சொல்லையும் 'இன்டர்செப்ட்' என மாற்றினர். அச்சீட்டுகளைப் போட்டிகளிலும் அக்காலத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. இதனைக் கற்றுத் தேறி மற்றவரோடு அமர்ந்தவன், தான் கற்றது வேறு, இவர்கள் ஆடுவது வேறு என்று கண்டிருப்பான் அல்லவா? குழந்தைக்குக் கற்பிக்கும் தமிழ் சிறிய தமிழாக இருக்கலாம். வேறு தமிழாக இருத்தல் ஆகாது.

மருமகன் இதனை அறிந்தே தன் ஒன்பதில் ஒன்றாக 'ஜயன்ட் குரோத்' என்னும் உடனடிச் சீட்டை வைத்திருந்தான். ஓர் உயிரினத்துக்கு அம்முறை முடியும்வரை மூன்றும் மூன்றும் கூட்டித்தருவது அது. அவனுடைய மூன்றுக்கு மூன்று வீரன் தாக்கவந்தான். நம்முடைய இரண்டுக்கு இரண்டு கரடி தடுக்க நின்றது. கரடி போயிற்று என்று எண்ணிய நேரத்தில் கையிலிருந்த அச்சீட்டு நினைவுக்கு வந்தது. வைத்தோம், கரடி ஐந்துக்கு ஐந்தாயிற்று, வீரன் வீழ்ந்தான். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு நாம் கூவியதாக இல்லத்தார் பின்னர்க் கூறினர். அவ்வாய்ப்பை மருமகன் வேண்டுமென்றே நமக்கென விட்டுவைத்தானோ என்று ஐயுற்றுக் கேட்டோம். இல்லை என்றான். நம்பினோம்.

இன்னொன்று. கற்பிப்பவன் கையிலுள்ள கட்டும் கற்பவன் கட்டுக்கு நிகராக இருத்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேர்ந்து தொடுத்த தன் கட்டை எடுத்துக்கொண்டு, புதியவனிடம் ஏதோ ஒன்றைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் வீழ்த்திவிட்டு, "இப்போது புரிந்ததா?" என்று வினவுவோரை எல்லாத் துறைகளிலும் காண்கிறோம். நாமும் அவருள் ஒருவராக இருந்திருக்கிறோம். பணியேற்ற முதலாண்டில், இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு முதல் வகுப்பிலேயே பழைய உரையொன்றை எடுத்து, தடையும் விடையுமாக ஒரு மணிநேரம் முழங்கினோம். மாணவர் வாயடைத்து இருந்தனர். அதனை வியப்பு என்று கருதி மகிழ்ந்தோம். கடைசி இருக்கையில் இருந்த ஒருவர் அடுத்த வாரமே வேறு பாடத்திற்கு மாறிவிட்டார். மாறியதற்குக் காரணம் நாம்தான் என்று அவர் சொல்லவில்லை. மகன் எழுந்துபோன நாளில் அந்த முகம் நினைவுக்கு வந்தது.

பெரியோர் எழுப்பும் ஐயத்திற்கும் விடை கூறவேண்டும். அஸர் தொழுகை முடிந்து வந்த முதியவர் ஒருவர் நம் வீட்டு மேசையைக் கண்டு, "என்ன தம்பி, வாத்தியார் வீட்டிலேயே சீட்டா?" என்றார். பணயம் இல்லை என விளக்கினோம். தொடக்கத்தில் இருந்ததுண்டு: 1993-இன் விதிகளில், ஆளுக்கொரு சீட்டை ஒதுக்கிவைத்து வென்றவரே இரண்டையும் கொள்ளும் முறை ஒன்று இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது; அதனைச் சார்ந்த சீட்டுகளும் போட்டிகளில் விலக்கப்பட்டன. இதையும் மறையாது கூறினோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இந்தச் சீட்டெல்லாம் எப்படி வாங்குகிறார்கள்?" என்றார். 'பூஸ்டர்' என்னும் மூடிய உறைகளைப் பற்றி மருமகன் சொன்னான். "உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுப்பதா?" என்றார் பெரியவர். நம்மிடம் விடை இல்லை. அரிய சீட்டு கிடைக்குமோ என்று உறைமேல் உறையாகப் பிரிக்கும் இளைஞரை மருமகனே கண்டிருக்கிறான்.

ஆதலின் புதியவர்க்கு மூடிய உறைகளை வாங்கித்தருதல் கூடாது என்பதில் நாம் உறுதியாக உள்ளோம். உள்ளே இருப்பது பெட்டிமேல் அறியக்கிடக்கும் ஆயத்தக் கட்டுகளே அவர்க்குரியவை. 2024-இல் 'ஃபவுண்டேஷன்ஸ்' தொகுதியோடு வந்த தொடக்கப்பெட்டியில் 20 சீட்டுகள் கொண்ட பத்துச் சிறுகட்டுகள் உள்ளன. பூனைகள், இரத்தக்காட்டேரிகள் என்னும் இரண்டைக் கொண்டு படிப்படியாக ஆடிக் கற்கக் கையேடும் உண்டு; பின்னர் எவையேனும் இரண்டைச் சேர்த்துக் கலைத்து 40 சீட்டுக் கட்டாக ஆடலாம். பேய்பிசாசுப் படங்களை விரும்பாத இல்லத்தார் இதனையும் விலக்குவர். அது அவரவர் உரிமை. கமாண்டரை விரும்புவோரும் மூன்று நிறத்துக்குத் தாவாமல், 2022 இறுதியில் வந்த இருநிறத் தொடக்கக் கட்டுகள் ஐந்தனுள் ஒன்றைக் கொள்க. அதுவும் அறுபதில் கைபழகிய பின்னரே.

மருமகன் தொடுத்த அவ்விரு கட்டுகளும் ரப்பர் வளையமிட்டு நம் நூலடுக்கில் உள்ளன. மகன் அவற்றைப் பார்த்ததுண்டு, எடுத்ததில்லை. வருகிற விடுமுறையில் பச்சைக் கட்டை அவன் கையில் கொடுத்து, கைச்சீட்டுகளை இருவரும் மேசைமேல் விரித்துவைத்தே முதலாட்டம் ஆடுவது என்று மருமகனும் நாமும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். அவன் சீட்டை அவனே எடுத்து வைக்கட்டும், நீ தொடாதே என்றும் சொல்லியிருக்கிறோம்.