குண்டு விழாமலே கூலி போகும்!

"அணுகுண்டா? விழுந்தால் டில்லியில் விழும், மும்பையில் விழும். கடலூர் முதுநகரிலே கருவாடு உலர்த்துபவளுக்கும், சிதம்பரத்து வீதியிலே பூக்கட்டி விற்பவளுக்கும் அதனால் என்ன கேடு?" — இப்படிப் பேசுவோர் பலர், பட்டம் பெற்றவர்களும் அதில் உண்டு. மற்றொரு சாரார், "போர் வந்தால் வேலை பெருகும், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பார்கள், ஆலைகள் அல்லும் பகலும் ஓடும்" என்று பழங்கணக்கைப் புரட்டுகிறார்கள். மூன்றாவது கூட்டமோ, "எல்லாம் அவன் விட்ட வழி" என்று கைகட்டி நிற்கிறது.

கடைசிக் கூட்டத்தை முதலில் கவனிப்போம். அதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. 1962 பிப்ரவரியில், எட்டுக் கோள்கள் மகர ராசியிலே கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடு நடுங்கிற்று. வேள்வித் தீ மூட்டினர்; நெய்யை ஊற்றினர். கோள்கள் கூடின, கலைந்தன. கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத் நாடும் 13 நாட்கள் அணுப்போரின் விளிம்பிலே நின்றன. மெய்யான அந்த ஆபத்தை எந்தப் பஞ்சாங்கம் குறித்து வைத்தது? அதை விலக்கியவை இரு நாட்டுத் தலைவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களும், விட்டுக்கொடுத்துச் செய்துகொண்ட உடன்பாடும்.

இனி, 'நமக்கென்ன' கூட்டத்துக்கு வருவோம். 1914இல் ஐரோப்பாவிலே போர் மூண்டது. தென்னார்க்காட்டு உழவன் எந்த மன்னனுக்கும் பகைவனல்லன். ஆனால் அவன் விளைத்த மல்லாட்டை, பிரெஞ்சு நாட்டு மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளை நம்பிக் கப்பலேறி வந்தது. வாணிபம் முடங்கியது, விலை சரிந்தது.

'போர் வேலை தரும்' என்போர் 1943இன் வங்கத்தைப் பார்க்கட்டும். அதற்கு முந்திய ஆண்டு பர்மா ஜப்பானியர் கையிலே வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவன் கையில் சிக்கிவிடக் கூடாதென்று வெள்ளை அரசே கரையோர மக்களின் படகுகளைப் பறித்தது. பின்பு பஞ்சம், சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். பெரிதும் மடிந்தவர் யார்? நிலமற்ற கூலிகள், மீனவர், படகோட்டிகள்! கல்கத்தாவிலே ஆலைகள் ஓடத்தான் செய்தன. அந்நகரத்து நடைபாதைகளிலேதான் கிராமத்துக் கூலிகள் பசியால் சுருண்டு விழுந்து செத்தனர்.

அணுகுண்டின் கதை வேறு என்பீர்கள். வேறுதான், இன்னும் கொடியது. 1954 மார்ச் 1ஆம் நாள், பிகினித் தீவிலே அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. போர் அன்று, வெறும் சோதனை! ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்கு அப்பால், யாய்சு துறைமுகத்திலிருந்து வந்த 23 ஜப்பானிய மீனவர் சூரை பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்கள்மீது வெண்சாம்பல் பொழிந்தது. வானொலியாளர் குபோயாமா செப்டம்பரிலே மாண்டார். அதோடு முடிந்ததா? அவ்வாண்டு முடிவதற்குள் 850க்கும் மேற்பட்ட படகுகளின் மீனிலே கதிர்வீச்சு கண்டு, சுமார் 485 டன் கழித்துக் கொட்டப்பட்டது. மீன்சந்தை குலைந்தது. சாம்பலில் நனைந்து உயிர்தப்பிய ஓயிஷி மடாஷிச்சி என்ற இளைஞர் கடலையே துறந்து, டோக்கியோவிலே சலவைக்கடை வைத்துப் பிழைத்தார்.

ஜப்பானியன் கதை என்று தள்ளாதீர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 'பிணம் தின்ற மீன்' என்ற வதந்தி ஒன்றே போதுமாயிருந்தது. கூடையைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. 'கதிர்வீச்சு' என்ற சொல் கிளம்பினால் முடசலோடையில் இறங்கும் மீன் என்ன விலை போகும்?

குண்டுக்குத் தப்பியவருக்காவது வேலை உண்டா? ஹிரோஷிமாவில் பிழைத்த பலரை ஓயாத சோர்வு பற்றிக்கொண்டது. 'புராபுரா நோய்' என்றனர். உடலிலே காயம் தெரியாது, ஆனால் உழைக்க வலுவிராது. சோம்பேறி என்று ஏசினர், வேலை மறுத்தனர்.

'நேச்சர் ஃபுட்' என்ற அறிவியல் இதழில் 2022இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவும் பாகிஸ்தானும் பேரளவில் அணுப்போரிட்டால், எரியும் நகரங்களின் கரி வானேறிக் கதிரொளியை மறைத்து, விளைச்சலைக் குறைத்து, உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டினியால் மடியக்கூடும் என்கிறது. வீராணத்து நீர் பாயும் வயலுக்கும் அதே கதிரவன்தானே!

"எந்தப் படிப்புப் படித்தால் தப்பலாம்?" என்று மாணவர்கள் கேட்கின்றனர். தனி மனிதனுக்கென்று தப்பும் தொழில் ஏதுமில்லை. என் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. கருவூலம் நிரம்புவது ஊர் உழைப்பதால்.

2025 மே 7ஆம் நாள், பாகிஸ்தானோடு மோதல் நடந்த வேளையில், கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினர். நல்லது. உயிர் காக்க ஒத்திகை உண்டு. பிழைப்புக் காக்க ஒத்திகை எங்கே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்கு உதவித்தொகை தருகிறது அரசு. போரால் கடல் மூடினால் எத்தனை நாளுக்குத் தரும்? சட்டத்தில் இப்போதே எழுதட்டும். வட்டந்தோறும் நெல்லும் விதையும் காக்கும் கிடங்கு வேண்டும். விருத்தாசலம் பக்கத்துக் கம்பும் வரகும் அதில் சேரவேண்டும், உரமின்றியும் ஓரளவு விளைபவை அவை. பொட்டாஷ் உரமெல்லாம் கப்பலில் வருவது என்பதை மறவாதீர். டீசல் வராத நாளில் பாய்விரித்துக் கடலேறத் தெரிந்த கிழவர்கள் மறையுமுன், இளைஞர்கள் அவர்களிடம் கற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான ஆயத்தம், போரைத் தடுக்கும் ஆயத்தம். அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் சனவரி 1இல் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பகைவர்களாலும் இது முடிந்தது! ஆனால் 2017இல் உருவான அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை; அணு ஆயுதம் வைத்துள்ள எந்த நாடும் சேரவில்லை. ஏன் என்று கேட்பது தேசத்துரோகமாம்! கேட்போம், தோழர்களே. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இதையும் கேட்போம். கூடவே, கடல் நூறு நாள் மூடினால் தேவனாம்பட்டினத்துக்கு அரிசி எந்தக் கிடங்கிலிருந்து வரும் என்பதையும்.