இரண்டு கையெழுத்துகள்

பெத்ரோ அல்மோதோவாரின் ‘என் அம்மாவைப் பற்றி எல்லாம்’ 1999இல் வந்த ஸ்பானியப் படம். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் மறு ஆண்டு ஆஸ்கரும் பெற்றது. மறுபடி பார்த்த பிறகு மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் இந்த இதழின் முதல் பக்கத்தை அதற்கே கொடுக்கிறோம்.

மனுவேலா மத்ரித்தில் ஒரு மருத்துவமனைச் செவிலி. உறுப்பு மாற்றுப் பிரிவில் வேலை. இறந்தவரின் உறவினரிடம் உறுப்பு தானத்தை எப்படிக் கேட்பது என்று மருத்துவர்களுக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. அதில் கணவனை இழந்தவளாக நடிப்பவள் அவள்தான். மகன் எஸ்தெபான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினேழாவது பிறந்தநாள் இரவு, கொட்டும் மழையில், நாடக நடிகை ஊமா ரோஹோவிடம் கையெழுத்து வாங்க அவள் காரின் பின்னால் ஓடுகிறவன், இன்னொரு காரில் அடிபட்டு இறந்துபோகிறான்.

ஒத்திகையில் கேட்ட கேள்வி இப்போது நிஜமாக வருகிறது. அடுத்து என்ன கேட்பார்கள், எந்தக் குரலில் கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெரிந்து ஒரு பயனும் இல்லை. கதறியபடியே தாளில் கையெழுத்துப் போடுகிறாள். பிள்ளைக்குக் கிடைக்காமல் போனதும் ஒரு கையெழுத்து. பெற்றவள் போட வேண்டியிருந்ததும் ஒரு கையெழுத்து. பிறகு லா கொருஞா நகருக்குப் போய், மகனின் இதயத்தைப் பெற்ற மனிதர் மருத்துவமனையிலிருந்து நடந்து வருவதை மறைந்து நின்று பார்க்கிறாள். சோகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு குறைந்த பேச்சில் காட்டிய காட்சிகள் சினிமாவில் அதிகமில்லை.

பிள்ளையின் தகப்பனைத் தேடி பார்சிலோனா போகிறாள். அந்தத் தகப்பன் இப்போது லோலா என்ற திருநங்கை. அங்கே திருநங்கையான பழைய தோழி அக்ராதோ, லோலாவால் கருவுற்று எச்ஐவி தொற்றும் ஏற்பட்ட கன்னியாஸ்திரி ரோசா, அந்த ஊமா என்று ஒரு வீடே அவளைச் சுற்றிச் சேர்ந்துவிடுகிறது. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஊமாவின் நாடகம் ரத்தான இரவில் மேடையேறும் அக்ராதோ, தன் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுத்த காசைக் கூட்டத்தின் முன் கணக்குச் சொல்லும்போது, பெண்ணாக இருப்பதற்கு அவள் பட்ட பாட்டை யார் மறுக்க முடியும்?

பிரசவத்தில் ரோசா இறந்துபோக, குழந்தை மனுவேலாவின் கைக்கு வருகிறது. அவனுக்கும் எஸ்தெபான் என்றே பெயர். ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் லோலாவிடம் காட்டுகிறாள். செத்துப்போன மகனின் படத்தையும் நோட்டையும் எடுத்து நீட்டுகிறாள். பாதி கிழிக்கப்பட்ட அம்மாவின் பழைய புகைப்படத்தைப் பற்றியும், தன் வாழ்க்கையில் இல்லாத அந்தப் பாதியைப் பற்றியும் அவன் எழுதிவைத்திருந்த பக்கத்தை லோலா வாசிக்கிறாள்.