சுங்க வேலியும் சிறுநாடுகளும்

தனக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் தானே ஆக்கிக்கொள்ளும் நாடு உலகில் இல்லை. ஆயினும், பரந்த நாடு ஒரு வாயில் அடைபட்டால் உள்நாட்டு அங்காடியைக் கொண்டு ஓரளவு தாங்கும். சிறுநாட்டின் நிலை அத்தகையதன்று. அங்கு விளைவன சில, வேண்டுவன பல. வாணிகமே அதற்கு உயிர்நிலை. ஆதலின், அயல்நாடுகள் தம் தொழிலைக் காப்பதற்கெனச் சுங்கவரியை உயர்த்துங்கால் பெரிதும் நலிவது சிறுநாடேயாகும்.

இவ்வுண்மையைக் குமரி மாவட்டத்து நெய்யூர்ப் பகுதியின் வரலாறே காட்டும். இப்பகுதி முன்னாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அண்மையிலுள்ள குளச்சலில், 1741ஆம் ஆண்டில், மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்றார். மிளகு வாணிகப் போட்டியே அப்பகைக்கு அடிப்படை. பின்னர் மிளகு வாணிகத்தை அரசு தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. கருவூலம் நிறைந்தது, உழவரோ தாம் விரும்பியவர்க்கு விற்கும் உரிமையை இழந்தனர். திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே சென்ற சரக்குகளையும் சுங்கம் தடுத்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1865ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்து அத்தடையைப் பெரும்பாலும் நீக்கின. ஆனால் வெளிநாட்டுச் சரக்குகளுக்குப் பிரிட்டிஷ் இந்தியா விதித்த வரி வீதத்தையே திருவிதாங்கூரும் ஏற்க நேர்ந்தது. பெரியதோடு உடன்படும் சிறியது தன் உரிமையில் ஒரு பகுதியை விலையாகத் தரவேண்டியிருந்தது.

இன்றைய நிலையும் இதனினின்று பெரிதும் வேறன்று. குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் உழைப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வருகின்றது. பருப்பு கடல் கடந்து செல்கின்றது. வரும் வழியில் வரி கூடினும், செல்லும் வழியில் வரி கூடினும், குறைவது அப்பெண்களின் வேலைநாளே. 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு கொட்டையின்மீதான இறக்குமதி வரியை 5 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி விதித்தது. தன் வரியைக் குறைப்பது ஓர் அரசின் கையில் உள்ளது. பிறர் வரியைக் குறைப்பது அதன் கையில் இல்லை.

இலங்கையின் இடர் இன்னும் பெரிது. அதன் ஆயத்த ஆடைகளை மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் 44 விழுக்காடென அறிவிக்கப்பட்ட வரி, பேச்சுக்குப்பின் ஆகஸ்டில் 20 விழுக்காடாயிற்று. இலங்கை பதிலுக்கு வரி விதித்தால் அமெரிக்கா அதனை உணர்வதும் அரிது. அயலிலிருந்து துணி வாங்கி ஆடை தைக்கும் நாடு இறக்குமதியைத் தடுத்தால் தன் தொழிலையே நலிவிக்கும்.

இளந்தொழிலைச் சில காலம் காத்தல் தகுவதே. நாற்றுக்கு வேலி வேண்டும். ஆயின் வேலியே வயலை நிறைத்தல் ஆகாது. சிறுநாடு ஒருவரையே நம்பாது பலரோடு வாணிகம் செய்தல் வேண்டும். அனைவரையும் கட்டுப்படுத்தும் பொதுநெறியும் வேண்டும். 1995ஆம் ஆண்டில் தோன்றிய உலக வணிக அமைப்பு அந்நோக்கம் உடையது. ஆயினும், அதன் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரில் செயலிழந்தது. அதனை மீட்டல் உலகின் கடமை. வலியார் நெறியின்றியும் வாழ்வர். மெலியார்க்கு நெறியே அரண்.