மேஜர் ஜெனரல் டு லான்ஸ் கார்ப்பரல்: ஹோபார்ட்டை ராணுவம் ஏன் வெளியே அனுப்பியது?

1940. ஜெர்மன் படை எப்போது வேண்டுமானாலும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற பயம். சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில், ஹோம் கார்டு தொண்டர் படையில் 55 வயதுக்காரர் ஒருவர் லான்ஸ் கார்ப்பரலாகச் சேர்கிறார். கிட்டத்தட்ட அடிமட்டப் பதவி. அவர்தான் பெர்சி ஹோபார்ட். அதற்குச் சில மாதங்கள் முன்புவரை மேஜர் ஜெனரல்!

நம்ம நைனிடாலில் பிறந்தவர். ராணுவப் பொறியாளராக இருந்து, 1923-ல் டேங்க் படைக்கு மாறினார். காலாட்படையின் நடைவேகத்துக்குத் துணையாகப் போவதுதான் டேங்கின் வேலை என்று பலர் நினைத்த காலம் அது. ஹோபார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாக உள்ளே புகுந்து, எதிரியின் சப்ளையையும் தலைமையகத்தையும் அடிக்க வேண்டும் என்றார். 1934-ல் பிரிட்டனின் டேங்க் பிரிகேடுக்குத் தலைமை ஏற்று, ரேடியோ உத்தரவிலேயே அதை நகர்த்திப் பழக்கினார்.

1938-ல் எகிப்துக்குப் போய், பாலைவனத்திலேயே ஒரு படையைத் தயார் செய்தார். பின்னாளில் 'பாலைவன எலிகள்' என்று பெயரெடுத்த 7-வது கவசப் படைப்பிரிவு அதுதான். ஆனால் மேலதிகாரிகளுடன் ஓயாத சண்டை. விளைவு, கட்டாய ஓய்வு. 1941 பிப்ரவரியில் அந்தப் படை லிபியாவில் இத்தாலியர்களை மடக்கியபோது, உருவாக்கியவர் அங்கே இல்லை.

வெளியே அனுப்பியவர்கள் எல்லோரும் முட்டாள்களா? அப்படிச் சொல்ல முடியாது. ஹோபார்ட் கூட வேலை செய்வது லேசான காரியமில்லை. காலாட்படை, பீரங்கிகளின் பங்கை அவர் குறைத்தே மதிப்பிட்டார். டேங்க் தனியாகப் போனால் அடிவாங்கும் என்பதைப் போர் காட்டியது. ஆனால் அதற்காகப் போர் நடக்கும்போதே இப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா? அவரோடு வாதாடி, ஐடியாவைத் திருத்தி வாங்கியிருக்கலாமே!

சர்ச்சில் தலையிட்டுத்தான் அவரைத் திரும்ப அழைத்தார். பிறகு 79-வது கவசப் படைப்பிரிவு. கடலில் மிதந்து கரையேறும் டேங்க், சங்கிலியால் தரையை அடித்துக் கண்ணிவெடியை வெடிக்க வைக்கும் டேங்க், பாலம் போடும் டேங்க் என்று வித்தியாசமான வண்டிகளை அது பழக்கி எடுத்தது. 1944 ஜூன் 6-ல் நார்மண்டியில் பிரிட்டிஷ், கனடா படைகள் இறங்கிய கரைகளில் இவைதான் வழி திறந்தன. இந்தப் படைப்பிரிவு மொத்தமாக ஒரே இடத்தில் சண்டை போடவே இல்லை. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, பெரும்பாலும் காலாட்படைக்குத்தான் துணையாகப் போனது.